அளந்ததாக எழுதிய தூரம்

என் நோட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் ஒரு கோடு உண்டு. கோட்டுக்கு இடப்பக்கம், முந்தைய நாள் மாலை வகுப்பில் படித்தது. வலப்பக்கம், அதில் எனக்குப் புரியாதது. காலையில் வேலைக்குப் போகும் பேருந்தில் எழுதுவேன். முதல் நிறுத்தத்தில் ஏறுவதால் ஜன்னலோரம் கிடைத்துவிடும். எழுத்து கொஞ்சம் ஆடியிருக்கும், எனக்குப் படிக்க முடிந்தால் போதும். முதல் வருடத்தில் வலப்பக்கம் வழிந்துகொண்டே இருந்தது. இடம் போதாமல் அம்புக்குறி போட்டு இடப்பக்கத்துக்குள் நுழைந்த நாட்களும் உண்டு.

மூன்றாம் வருடத்தின் பாதியில், ஒரு நாள் சிக்னலில் பேருந்து நின்றபோது பழைய பக்கங்களைப் புரட்டினேன். வலப்பக்கம் வெள்ளையாக இருந்தது. எண்ணிப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு பக்கம். மறுபடி எண்ணினேன், ஐம்பத்திரண்டுதான். எல்லாம் புரிந்துவிட்டது என்றுதானே அர்த்தம், சந்தோஷப்பட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியும் நோட்டை மூடிய பிறகு ஏதோ கதவைப் பூட்டாமல் வந்துவிட்டது போல இருந்தது.

நான் படிப்பது கண் பரிசோதனைக்கான பட்டப்படிப்பு. மாலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடியும். பகலில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாய்களுக்கு லேபிள் ஒட்டுகிறேன். அதனால் வகுப்பில் என் பெயரே லேபிள். அந்தப் பெயரை வைத்தவன் ஸ்பீடு. அவன் பகலில் பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவன். வகுப்புக்குள் வரும்போதுகூட யாரோ கையெழுத்துப் போடக் காத்திருப்பதுபோல வருவான்.

மூன்றாம் வருடத்தில் ஒவ்வொருவரும் இருபது பேருடைய கண்களைப் பரிசோதித்து, ஒவ்வொருவருக்கும் மூன்று பக்கக் குறிப்பு எழுதித் தர வேண்டும். என்ன அளவுகள் எடுத்தோம், என்ன பவர் கொடுத்தோம், ஏன் கொடுத்தோம் என்று. இருபதும் இருந்தால்தான் ஆண்டு இறுதிச் செய்முறைத் தேர்வில் உட்கார விடுவார்கள். பத்தொன்பது இருந்தால் அடுத்த வருடம் வரச் சொல்வார்கள்.

முதல் குறிப்பை எழுத எனக்கு நான்கு நாள் ஆனது. கேன்டீன் மேஜையில் அதைப் பார்த்த ஸ்பீடு தலையில் கை வைத்துக்கொண்டான்.

"நாலு நாளா? நாலு நாள்ல நான் நாலு பேருக்குக் கல்யாணமே பண்ணி வெச்சிடுவேன். போனைக் குடு."

போனில் ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியை அவனே ஏற்றிக் கொடுத்தான்.

"நீ எடுத்த ரீடிங்கை மட்டும் இதுல போடு. மீதிய அது பாத்துக்கும். உன்ன மாதிரி வரிக்கு வரி 'என்று நினைக்கிறேன், என்று நினைக்கிறேன்'னு இழுக்காது."

அவன் சொன்னது உண்மை. நான் அப்படித்தான் எழுதுவேன். 'வலது கண்ணில் பார்வை சற்றுக் குறைவு என்று நினைக்கிறேன்.' அந்தச் செயலி எதையும் நினைக்கவில்லை, நேராகச் சொன்னது. சந்தேகமே இல்லாத ஒரு குரலின் பக்கத்தில் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. மழைக்குப் பெரிய குடைக்குள் யாரோ இடம் கொடுத்ததுபோல.

அது என்னை ஏமாற்றியது என்று சொல்ல மாட்டேன். பாடத்தில் புரியாததை மூன்றாவது தடவை கேட்டாலும் சலித்துக்கொள்ளாமல் சொல்லிக்கொடுத்தது. சந்தேகம் வந்த நிமிடமே பதில் வந்தது. காலைப் பேருந்துவரை ஒரு சந்தேகமும் உயிரோடு வரவில்லை. வலப்பக்கத்தில் எழுத என்ன இருக்கும்?

பன்னிரண்டாவது குறிப்புக்கு அம்மாவின் கண்களை எடுத்துக்கொண்டேன்.

அம்மா ஓர் ஆல்டரேஷன் கடையில் வேலை செய்கிறாள். புதிதாகத் தைப்பது குறைவு. தைத்ததைப் பிரிப்பதுதான் அவள் வேலையில் பாதி. இடுப்பு பெரிதானவர்களும் சிறிதானவர்களும் கொண்டுவரும் கால்சட்டைகளை ஒவ்வொரு தையலாகப் பிரித்துக் கொடுப்பாள். வயது ஐம்பத்திரண்டு. தூரப் பார்வையில் குறையில்லை. கிட்டப் பார்க்க முக்கால் பவரில் ஒரு பழைய கண்ணாடி வைத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தேன். வயது, தொழில், தூரப் பார்வை, பழைய கண்ணாடியின் பவர் எல்லாவற்றையும் போனில் போட்டேன். ஒன்றே முக்கால் என்று சொன்னது. கல்லூரியிலிருந்து கொண்டுவந்திருந்த லென்ஸைப் போட்டு, எழுத்து அட்டையைப் புத்தகத்தில் உள்ளபடி நாற்பது சென்டிமீட்டரில் பிடித்தேன்.

"தெரியுதாம்மா?"

"தெரியுது."

"நல்லாத் தெரியுதா?"

"நல்லாவே தெரியுது. கடைசி வரிய யாரு எழுதினா, எறும்பா?" என்று கேட்டுவிட்டு அதையும் படித்துக் காட்டினாள்.

குறிப்பைச் செயலி அழகாக எழுதிக் கொடுத்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: 'நோயாளியின் பணித் தூரம் நேரில் அளக்கப்பட்டது: 40 செ.மீ.' அதில் என் கண் கொஞ்ச நேரம் நின்றது. வேலை செய்யும்போது அம்மா துணியை எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறாள் என்று நான் அளக்கவே இல்லை. ஆனால் அட்டையை நாற்பதில்தானே பிடித்தேன், அதைத்தான் சொல்கிறது போலிருக்கிறது என்று கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் செய்முறைகளைத் திருத்தும் மேடம் சுலபத்தில் மதிப்பெண் போடுபவர் அல்ல. அந்தக் குறிப்புக்குப் பத்துக்குப் பத்து போட்டார். வகுப்பில் அதைத் தூக்கிப் பிடித்து, "இத்தனை பேர்ல பேஷண்டோட வேலைத் தூரத்தை அளந்து எழுதினது இவ ஒருத்திதான்" என்றார். ஸ்பீடு திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தான். எனக்குக் காது சுட்டது.

கல்லூரியின் கண்ணாடிப் பிரிவிலேயே அம்மாவுக்குக் கண்ணாடி செய்தோம். போட்டுக்கொண்ட அன்று கடையில் ஒருவர் விடாமல் காட்டியிருக்கிறாள். வீட்டிலும் கழற்றுவதில்லை. நான் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அது அவள் மூக்கில் இருந்தது. சாயங்காலங்களில் கழுத்தைத் தேய்த்துக்கொள்வாள். தலையணையை மாற்றலாம் என்று சொன்னேன். மாற்றவும் மாற்றினோம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, பரிசோதனைக் கூடத்தில் இயந்திரம் பழுதாகி எங்களை மதியத்தோடு அனுப்பிவிட்டார்கள். அம்மா காலையில் சாப்பாட்டு டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். வீட்டுக்கு வந்து அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். வேலை நாளில், வேலை நேரத்தில் நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை.

கடை குறுகலானது. இரண்டு பக்கமும் துண்டுச்சீட்டு குத்திய உடைகள் தொங்கும், நடுவே ஒருவர் பக்கவாட்டில் நடக்கலாம். வாசலருகில் பட்டன் தைக்கும் அக்கா உட்கார்ந்திருந்தார். அவரைப் பட்டன் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

"அம்மாவா? உள்ளதான். டபுள் டெக்கர் ஓட்டிக்கிட்டு இருக்காங்க."

"என்ன டெக்கர்?"

அக்கா ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு ஊசியை எடுத்தார். "போச்சு. உங்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருந்தாங்க."

தொங்கும் சட்டைகளை விலக்கிக்கொண்டு போனேன். ஜன்னலோரம் அம்மா குனிந்திருந்தாள். மடியில் கறுப்புக் கால்சட்டை, கையில் தையல் பிரிக்கும் கத்தி. முகத்தில் இரண்டு கண்ணாடிகள். பழையதை முதலில் போட்டு, அதன்மேல் நான் கொடுத்ததை மாட்டி, நழுவாமல் இருக்க இரண்டின் காம்புகளையும் இரண்டு பக்கமும் நூலால் சுற்றிக் கட்டியிருந்தாள். முடிச்சு அவ்வளவு நேர்த்தி.

நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் பழைய கண்ணாடியை மட்டும் கழற்றப் பார்த்தாள். கட்டியிருந்ததால் இரண்டும் சேர்ந்து வந்தன. இரண்டையும் மடியில் இருந்த துணிக்குள் போட்டு மூடினாள்.

"சாப்பாடு எடுத்துட்டு வந்தியா? பரவாயில்லையே."

"எவ்வளவு நாளாம்மா?"

"எதைக் கேக்கற?"

"ரெண்டு கண்ணாடி."

"அதுவா. கறுப்புத் துணிக்கு மட்டும்தான், எப்பவாவது."

"நேத்து வெள்ளைச் சட்டைக்கும் போட்டிருந்தீங்க" என்றார் பட்டன் அக்கா வாசலிலிருந்து.

"நீ பட்டனைப் பாரு."

நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். "ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

அம்மா துணியை விலக்கிக் கண்ணாடிகளை எடுத்து, நூலைப் பிரிக்கத் தொடங்கினாள். பார்க்காமலே பிரித்தாள். "என்னன்னு சொல்றது? உங்க மேடம் பத்துக்குப் பத்து போட்டிருக்காங்க. அவ்வளவு படிச்சவங்களுக்குத் தெரியாததா? எங்கண்ணுதான் சரியில்லையோன்னு நினைச்சேன்."

அவள் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றினேன். மறுபடி இரண்டு கண்ணாடியையும் போட்டுக்கொண்டு எப்போதும்போல வேலை பார்க்கச் சொன்னேன். நாடாவின் ஒரு முனையை அவள் மூக்கின் பக்கத்தில் வைத்து, துணிவரை இழுத்தேன். முப்பத்திரண்டு. மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் முப்பத்திரண்டு.

நாற்பது இல்லை. நாற்பதில் எழுத்து தெளிவாகத் தெரிந்த கண்ணாடி, முப்பத்திரண்டில் தையலைக் காட்ட வேண்டுமானால் கண் தன் முழு பலத்தையும் போட்டாக வேண்டும். நாள் முழுக்கப் போட்டுப் பார்த்திருக்கிறாள். முடியாமல் போனதும் பழையதைத் தேடி எடுத்திருக்கிறாள். முக்காலும் ஒன்றே முக்காலும் இரண்டரை.

அன்று வகுப்புக்குப் போகும் பேருந்தில் நோட்டைத் திறந்து கையால் கணக்குப் போட்டேன். நூறை முப்பத்திரண்டால் வகுத்து, கண்ணே தானாகச் செய்யும் பங்கைக் கழிக்க வேண்டும். எவ்வளவு பங்கு என்பது நினைவில்லை. முதல் வருட நோட்டில் அம்புக்குறியோடு எழுதிய ஞாபகம் மட்டும் இருந்தது. இரண்டு முறை தப்பாகப் போட்டு, மூன்றாவது முறை ஒரு விடை வந்தது. அது இரண்டே காலுக்கும் இரண்டரைக்கும் சரியாக நடுவில் வந்து நின்றது. எது சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பிறகு போனை எடுத்தேன். பணித் தூரம் முப்பத்திரண்டு என்று மட்டும் சேர்த்தேன். செயலி உடனே இரண்டே கால் முதல் இரண்டரைவரை என்றது. தையல் வேலை செய்பவர்களிடம் பணித் தூரத்தைக் கேட்டு அறிவது மிக முக்கியம் என்று பணிவாகச் சொல்லி, முன்பு விட்டதற்கு மன்னிப்பும் கேட்டது. அதற்குத் தெரியாமல் இருக்கவில்லை. நான் சொல்லவில்லை, அது கேட்கவில்லை. ஆனால் அது அம்மாவைப் பார்த்ததில்லை. நான் இருபத்து மூன்று வருடமாக ஒரே வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கேன்டீனில் ஸ்பீடிடம் சொன்னேன். முதலில் சிரித்தான். நூல் கட்டியிருந்ததைச் சொன்னபோது சிரிப்பை நிறுத்தினான்.

"சரி. வேற கண்ணாடி செஞ்சு குடுத்துடு. முடிஞ்சுது. மேடம்கிட்ட எதுக்குச் சொல்லணும்?"

"அளக்கப்பட்டதுன்னு எழுதியிருக்கேன்."

"நீ எழுதல. அது எழுதிச்சு."

"கையெழுத்து என்னது."

"இன்னும் எட்டு நாள்ல கடைசித் தேதி. அந்தக் குறிப்பை அடிச்சாங்கன்னா உனக்குப் பத்தொன்பது. ஒரு வருஷம் போச்சு. உங்கம்மாவே சொல்லுவாங்க, வாயை மூடுன்னு."

அது உண்மைதான், அம்மா அப்படித்தான் சொல்வாள். நான் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தேன். அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "உன்னோடதைத் திறந்தா எல்லாரோடதையும் திறப்பாங்க, லேபிள்."

"நான் என்னோடதைப் பத்தி மட்டும்தான் சொல்வேன்."

"தெரியும்." கோப்பையைக் கீழே வைத்தான். "என்னோடதுல எத்தனை 'அளக்கப்பட்டது' இருக்குன்னு நான் எண்ணிக்கூடப் பாத்ததில்ல."

எங்கள் கூடத்தில் ஒரு விதி இருக்கிறது. காலிக் குழாயில் பெயர் ஒட்டக் கூடாது. ரத்தம் எடுத்த பிறகு, ஆள் நாற்காலியில் இருக்கும்போதே, அவர் வாயால் பெயரைச் சொல்லவைத்து, அப்புறம்தான் ஒட்ட வேண்டும். எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் நான் அதை ஒருமுறைகூட மீறியதில்லை. வெள்ளிக்கிழமை பகல் முழுவதும் லேபிள் ஒட்டிக்கொண்டே இதை நினைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வகுப்புக்கு முன்னால் மேடத்தின் அறைக்குப் போனேன்.

சொல்ல வேண்டியதைத் துண்டுச்சீட்டில் எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்க்காமலே சொல்லி முடித்தேன். மேடம் கோப்பிலிருந்து என் பன்னிரண்டாவது குறிப்பை எடுத்து, அந்த இரண்டாம் பக்கத்தை மட்டும் படித்தார்.

"ரெண்டு கண்ணாடியையும் கட்டிக்கிட்டாங்களா?"

"ஆமா மேடம். நூலால."

"மத்த பத்தொன்பது?"

"அளவெல்லாம் நான் எடுத்ததுதான் மேடம். ஏன்னு எழுதியிருக்கறது எல்லாம்…" வார்த்தை தேடினேன். "அது சொல்லிச்சு. படிச்சப்ப சரின்னு தோணிச்சு."

மேடம் ஸ்கேலை வைத்து அந்தக் குறிப்பின் குறுக்கே ஒரு கோடு போட்டார். கோடு நேராக இருந்ததைக் கவனித்தேன்.

"பத்துக்குப் பத்து போட்டது நான். அளந்தியான்னு நானும் உன்னைக் கேக்கல" என்றார். "நாளைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு உங்கம்மாவைக் கூட்டிட்டு வா. என் முன்னாடி செய். போன் என் மேஜையில இருக்கட்டும். சரியா வந்தா இருபதாவதா எடுத்துக்கறேன். இல்லன்னா பத்தொன்பதுதான். மத்ததெல்லாம் செய்முறைத் தேர்வுல தெரிஞ்சிடும், அங்கயும் போன் கிடையாது."

வீட்டில் சொன்னதும் அம்மா தன் கண்ணாடியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என் வருடம் போய்விடுமா என்றுதான் கேட்டாள். மறுநாள் பேருந்தில் என் பக்கம் சாய்ந்து, ரகசியம்போலச் சொன்னாள்:

"எதைச் சொல்லணும்னு இப்பவே சொல்லிடு. நீ ரெண்டு காட்டுவேல்ல? முதல்லதா, ரெண்டாவதா?"

"உனக்கு எது தெளிவோ அதைச் சொல்லும்மா."

"அது சரி. உனக்கு எது வேணும்?"

பரிசோதனை அறையில் மூன்று நாற்காலிகள், ஒரு லென்ஸ் பெட்டி, சுவரில் எழுத்துப் பலகை. மேடம் ஓரத்தில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். என் போன் அவர் மேஜையில் கவிழ்ந்து கிடந்தது. அம்மாவுக்குச் சோதனைச் சட்டத்தை மாட்டினேன். கனமான வட்டச் சட்டம் அது, யார் போட்டாலும் கோமாளிபோலத் தெரிவார்கள். ஒரு ஜோடி லென்ஸ் போட்டு, அட்டையைக் கொடுத்தேன். பிறகு மாற்றினேன்.

"இதுல தெளிவா, அதுல தெளிவா?"

அம்மா அட்டையைப் பார்க்கவில்லை. வட்டக் கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்தாள்.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

"ஏதாவது ஒண்ணு சொல்லும்மா."

"ரெண்டாவது." என் புருவம் அசைந்திருக்க வேண்டும். "இல்ல இல்ல, முதல்லது."

மேடத்தின் பேனா ஏதோ எழுதியது. இன்னும் இரண்டு லென்ஸ் மாற்றினேன். அவள் பதிலும் என் முகத்தோடு சேர்ந்தே மாறியது. இந்தப் பரிசோதனையில் எனக்குக் கிடைப்பது பேஷண்ட் சொல்லும் பதில் ஒன்றுதான். நாற்காலியில் இருப்பவளோ என்னைத் தேர்வு எழுதவைப்பதற்காக எந்தப் பதிலையும் சொல்லத் தயாராக இருந்தாள். தெரியுது, நல்லாவே தெரியுது என்று அன்று சமையலறையில் சொன்ன அதே குரல்.

நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கிருந்து அவளால் என்னைப் பார்க்க முடியாது.

"அம்மா, பையில பிரிக்கறதுக்கு ஏதாவது வெச்சிருக்கியா?"

"திங்கக்கிழமை குடுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. எதுக்கு?"

"எடு. சும்மா உக்காந்திருக்கற நேரத்துல கொஞ்சம் பிரி."

அவள் மேடத்தைப் பார்த்தாள். மேடம் தலையசைத்தார். கறுப்புக் கால்சட்டை மடியில் வந்தது, கத்தி விரலில் வந்தது. நான் ஒன்றே முக்கால் போட்டேன். துணி முகத்துக்குக் கிட்டே போனது, பின்னால் வந்தது, மறுபடி கிட்டே போனது. தோள் ஏறியது. இரண்டே கால் போட்டேன். தோள் கொஞ்சம் இறங்கியது. கத்தி இரண்டு தையல் ஓடி நின்றது, மறுபடி தேடியது.

இரண்டரை.

துணி ஓரிடத்தில் நின்றது. டிக், டிக், டிக் என்று தையல்கள் விட்டுக்கொண்டே போயின. கொஞ்ச நேரத்தில் எங்கள் இருவரையும் மறந்துவிட்டாள்.

"யாரு தச்சாங்களோ, தையல் மேல தையல் போட்டு வெச்சிருக்காங்க பாரு. வண்டியா இழுக்கப் போறாங்க இதைக் கட்டி" என்று துணியிடம் சொன்னாள்.

இன்னும் கால் பவர் கூட்டிப் பார்த்தேன். குனிய ஆரம்பித்தாள். இரண்டரைக்கே திரும்பி வந்தேன். மேஜையில் இருந்த நீள ஸ்கேலை எடுத்து அவள் முகத்தின் பக்கத்தில் வைத்து அளந்தேன். முப்பத்தொன்று. மறுபடி அளந்தேன், முப்பத்தொன்றுதான். கடையில் முப்பத்திரண்டு வந்ததே என்று ஒரு கணம் கை நின்றது. இங்கே என்ன வந்ததோ அதை எழுதினேன்.

"என்ன பவர்?" என்றார் மேடம்.

"ரெண்டரை மேடம். ரெண்டரைன்னு நினைக்கிறேன்."

"எதனால நினைக்கற?"

முதலில் கணக்கைச் சொன்னேன். பிறகு துணி எங்கே நின்றது, தோள் எப்போது இறங்கியது என்று சொன்னேன். பழைய கண்ணாடியையும் புதியதையும் கூட்டினால் என்ன வருகிறது என்றும் சொன்னேன். திக்கித் திக்கித்தான் வந்தது. ஆனால் அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை.

"சரி. இதைப் போட்டுக்கிட்டு அவங்க எழுந்து நடந்தா?"

நான் அதை யோசிக்கவே இல்லை. அம்மாதான் பதில் சொன்னாள். "வாசப்படி ரெண்டாத் தெரியும், கழட்டிட்டுத்தான் நடக்கணும். கடையில ரெண்டு மாசமா அப்படித்தானே."

மேடம் சிரித்துக்கொண்டே எழுதினார். தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். மேலே 'எண் 20'. அதன் பக்கத்தில் ஏழு.

வெளியே தாழ்வாரத்தில் ஸ்பீடு ஹெல்மெட்டோடு நின்றிருந்தான். சனிக்கிழமை அவனுக்கு வகுப்பு கிடையாது.

"என்னாச்சு?"

"இருபது."

மூச்சை விட்டான். அம்மாவுக்கு வணக்கம் சொன்னான். பிறகு என்னிடம், "முப்பத்தொண்ணு" என்றான்.

"என்ன முப்பத்தொண்ணு?" அவனும் அளந்தானோ என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்னோட குறிப்புல இருக்கற 'அளக்கப்பட்டது'. எண்ணிட்டேன்." ஹெல்மெட்டைக் கையில் சுழற்றினான். "ஏழாவது குறிப்பு எங்கப்பாவோடது. அவர் எவ்வளவு தூரத்துல வெச்சுப் படிக்கறார்னு நேத்து வீட்டுக்குப் போய்ப் பாக்கறவரைக்கும் எனக்குத் தெரியாது. ஆன்ட்டி, உங்க நாடாவை ரெண்டு நாளைக்குத் தருவீங்களா?"

அம்மா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "திருப்பிக் குடுத்துடணும். முன்னாடி முனை பிஞ்சு போச்சு, அதுல ஒரு சென்டி கிடையாது. வர்ற அளவுல ஒண்ணு கழிச்சுக்கோ."

நான் திரும்பினேன். "என்னம்மா சொன்ன?"

"ஒரு சென்டி குறையும்னு சொன்னேன். கடையில எல்லாருக்கும் தெரியும். புதுசு வாங்கினா கை மறந்துடும்னு அதையே வெச்சிருக்கேன்."

முப்பத்திரண்டில் ஒன்றைக் கழித்தேன், முப்பத்தொன்று; சிரித்துவிட்டேன். ஸ்பீடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "இதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்கு?"

பேருந்தில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இரண்டு நிறுத்தம் கடந்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஏழுதானா? போன தடவை பத்து குடுத்தாங்களே. நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்லம்மா. நீ எல்லாம் சரியாத்தான் செஞ்ச. ஒரு கேள்வி நான் யோசிக்கல."

"நான்தான் பதில் சொல்லிட்டேனே. அதுக்கும் சேத்துப் போட்டிருக்கலாம்."

அவள் இரண்டு கண்ணாடியையும் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். புதியது வர ஒரு வாரம் ஆகும், அதுவரை இவைதான். பேருந்தின் ஆட்டத்திலேயே, நோட்டைத் திறந்து நான் எழுதத் தொடங்கிய நேரத்தில், அவள் காம்புகளைச் சேர்த்துப் பிடித்து நூலைச் சுற்ற ஆரம்பித்தாள். வலப்பக்கத்தில் நான் எழுதினேன்: கண்ணாடியோடு எழுந்து நடந்தால் என்ன ஆகும்? எதனால்? அடுத்த வரியில், கழுத்து வலி எத்தனை நாளாக? அதற்கடுத்து இன்னொன்று. பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தேன்.

"அம்மா, கறுப்பு நூலையும் கறுப்புத் துணியையும் எப்படிப் பிரிச்சுப் பாக்கற? வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து வரணும்?"

"இடது பக்கம்" என்றாள், முடிச்சைப் பல்லால் இறுக்கிக்கொண்டே. "ஏன்னு தெரியாது. நாளைக்கு வீட்டுல மீதியைப் பிரிக்கறப்ப நீயே பாரு."